நாலாந்தரம் சரிவந்தது

சுமதிக்கு,

நாலு மாதமாக உனக்கு ஒரு வரியும் எழுதவில்லை, கோபமாக இருப்பாய், அது நியாயம்தான். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். வதனியின் மகனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது, அதை அவளே உனக்கு எப்போதோ சொல்லியிருப்பாள்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். குரோசான் மாவை டோநட் மாதிரி எண்ணெயில் பொரிக்கிற அந்தக் குரோநட் சரிவந்துவிட்டது! நியூயோர்க்கில் அதைச் சாப்பிட்டுவிட்டு அரை மணித்தியாலம் வேறு கதையே இல்லாமல் போனில் கதைத்தாயே, அதேதான், கொக்குவிலில், எங்கள் குசினியில்.

இது நாலாந்தரம். முதல் தரம் சந்தியில் ஒரு கடையில் பட்டர் கேட்டு வாங்கி வந்து உறையைப் பிரித்தால் மாஜரின், அதோடு அன்றைய வேலை முடிந்தது. இரண்டாந்தரம் நல்ல பட்டர், ஆனால் மத்தியானம் தொடங்கிவிட்டேன். குரோசான் மா என்றால் மா ஒரு தட்டு, பட்டர் ஒரு தட்டு என்று மடித்து மடித்து எடுப்பது உனக்குத் தெரியும். சூடான எண்ணெய்க்குள் போனதும் பட்டரில் இருக்கிற தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு தட்டையும் தூக்கிவிடும். வைகாசி வெயிலில் பட்டர் மாவுக்குள்ளேயே உருகிக் கலந்துவிட்டால் தூக்குவதற்குத் தட்டு எங்கே இருக்கும்? தாச்சியில் இருந்து வந்தது எண்ணெய் குடித்த பணிஸ்.

மூன்றாந்தரம் மடித்து பிரிட்ஜில் வைத்த இரவு கரண்ட் போய்விட்டது. விடியும்வரை வரவில்லை. அம்மாவும் நானும் விறாந்தையில் இருந்தோம். 1990க்குப் பிறகு கரண்டே இல்லாமல் இருந்த வருசங்களில் ஜாம் போத்தல் விளக்கு வைத்துப் படித்தோமே, அதை அம்மா எடுத்தார். அந்த நாளில் என் பிறந்தநாள் ஒன்றுக்குக் கேக் போட முடியவில்லை என்று சொன்னார் சுமதி. எனக்கு அது நினைவிலேயே இல்லை, அவர் இவ்வளவு காலமும் அதை மனதில் வைத்திருந்திருக்கிறார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அடுத்த கிழமை விடிய நாலு மணிக்கு அம்மாவே என்னை எழுப்பினார். வெயில் ஏறமுதல் மடித்து முடி என்றார். சோடாப் போத்தலில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, அதால் மாவை உருட்டச் சொன்னதும் அவர்தான். மூன்று மடிப்பு, ஒவ்வொன்றுக்கும் இடையில் பிரிட்ஜ். இதைக் கண்டுபிடித்த டொமினிக் ஆன்செல் 2013 மே மாதம் கடையில் விற்கமுதல் இரண்டு மாதம் மினக்கெட்டு, பத்துக்கு மேற்பட்ட முறைகளைச் செய்து பார்த்தாராம். நாலு தரத்தில் விடுகிற ஆள் நான் இல்லை என்று அதை வாசித்த அன்றே முடிவெடுத்திருந்தேன்.

எண்ணெய் 175 பாகை இருக்கவேண்டும். குறைந்தால் பட்டர் ஒழுகிவிடும், கூடினால் வெளியே கருகி உள்ளே மாவாகவே நிற்கும். அம்மா ஒரு கிள்ளு மாவைப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போ போடு என்றார். போட்டேன். பக்கவாட்டில் தட்டுத் தட்டாக விரிந்து எழும்பியதை நீ பார்த்திருக்கவேண்டும்! உள்ளே கஸ்ரட், மேலே பனங்கட்டிப் பாணி. அம்மா சீனி வருத்தத்தையும் மறந்து ஒன்று முழுவதும் சாப்பிட்டார், நான் தடுக்கவில்லை.

கீதாக்கா இதை ஓடருக்குச் செய்து விற்கச் சொல்கிறா. எனக்கும் ஆசைதான், ஆனால் குரோநட் என்ற பெயரை அந்த மனிசன் பதிவுசெய்து வைத்திருக்கிறார், அந்தப் பெயரில் விற்க நான் விரும்பவில்லை. எங்களுக்கென்று ஒரு பெயர் வேண்டும். பட்டப்பெயர் வைப்பதில் உன்னை வெல்ல வகுப்பில் ஆள் இருக்கவில்லையே, கணக்கு ரீச்சருக்கு வைத்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். யோசித்து எழுது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது எண்ணெய்ச் சூடு பார்க்கிற தெர்மாமீற்றர் ஒன்று வாங்கி வா. அம்மாவின் கணக்குப் பிழைக்காது, ஆனால் ஓடர் கூடினால் ஒவ்வொரு நாளும் விடிய நாலு மணிக்கு அவரை அடுப்படியில் நிற்கவைக்க எனக்கு மனமில்லை.

அன்புடன்,
ராஜி