வெள்ளை ஈ குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தென்னையில் வெள்ளை ஈ வந்திருப்பதைக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போது அது வகுப்பறைக்குள்ளும் வருகிறது. ஜன்னலோர மட்டை காற்றில் ஆடினால் போதும், பறந்து வந்து நோட்டிலும் சாப்பாட்டிலும் உட்காருகிறது. கடிக்காது, பிள்ளைகள் பயப்பட வேண்டாம். டிபன் பாக்ஸை மட்டும் மூடி வைக்கட்டும்.

சீருடையில் கறுப்புத் திட்டு இருந்தால் ஆசிரியர்கள் கண்டிக்க மாட்டார்கள். ஈ கழிக்கும் இனிப்பு நீர் சொட்டிய இடத்தில் கரும்பூசணம் பிடிக்கிறது. துணி காயப்போடும் கொடியை மரத்தடியிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

இனி முக்கியமான விஷயம். சிலர் காலையில் பிள்ளைகள் நடந்து வரும் நேரத்தில் தோப்புக்கு மருந்தடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உடம்புக்குக் கெடுதல் என்பதோடு, பலனும் இல்லை. மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த இந்தப் பூச்சி, 2016இல் இந்தியாவில் முதலில் தென்பட்டதே பொள்ளாச்சி, பாலக்காடு தோப்புகளில்தான். ஓலையின் அடியில் மெழுகுக்குள் இருப்பதால் மருந்து அதன்மேல் சரியாகப் படாது. அதன் குஞ்சுக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவிதான் சாகும். அப்புறம் ஈ இன்னும் பெருகும். கள் இறக்கும் மரத்துக்கு மருந்தடித்தால் பானையில் என்ன சேரும் என்று உங்களுக்கே தெரியும்.

ஓலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஈயின் கூட்டில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த மட்டையை வெட்டி எரிக்க வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியிருக்கிறோம், வீட்டில் அவர்களையே கேளுங்கள்.

மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆள் உயரத்தில் கட்டினால் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சி போதும்: லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம். தெளித்தால் காய்ந்து பூசணத்தோடு உரிந்து விழும். உயரமான மரத்துக்கு விசைத் தெளிப்பான் வேண்டும். யாரிடமாவது இருந்தால் பள்ளி மரங்களுக்கும் ஒரு நாள் தந்து உதவுங்கள். மற்ற சந்தேகங்களுக்குக் கிருஷி பவனில் (அரசு வேளாண் அலுவலகம்) கேட்கலாம்.

வரும் சனிக்கிழமை காலை பள்ளியில் மஞ்சள் தாள் கட்டப் போகிறோம். வீட்டில் பழைய மஞ்சள் தாளோ விளக்கெண்ணெயோ இருந்தால் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். மரம் ஏறத் தெரிந்த அப்பாக்கள், மாமாக்கள் வந்தால் ரொம்ப உதவியாக இருக்கும். பிள்ளைகளை ஏற்ற மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்