ஹைடெல்பேர்க்கிலிருந்து ஒரு கடிதம்

ஹைடெல்பேர்க்,
பெப்ரவரி 9

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். போனில் பேசும்போது லைன் வெட்டிக்கொண்டே இருந்ததால் வைரஸைப் பற்றி அப்பா கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நுவரெலியாவில் புல்லில் பனி உறையுமே, அந்த மாதிரிக் குளிர் என்று நினைத்துத்தான் வந்தேன். இது வேறு. ஆனால் வெளியில் மட்டும்தான். உள்ளே ஹீட்டர் இருப்பதால் தோட்டத்து லயத்தில் நாம் பட்ட பாடு இல்லை. ஞாயிறு கடைகள் பூட்டு, சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கிவிட வேண்டும். தமிழ்க் கடை அண்ணன் யாழ்ப்பாணத்தவர். மஸ்கெலியா என்று சொன்னதிலிருந்து, என்னைக் கண்டால் "தேயிலை கொண்டு வந்தனீங்களோ?" என்றுதான் கேட்பார்.

சரி, உங்கள் கேள்வி. கை கால் இல்லாத வைரஸ் எப்படி நம் உடம்பின் கலத்துக்குள் (செல்லுக்குள்) போகிறது? 2017இல் சித்தப்பா மகனுக்கு டெங்கு வந்த நாளிலிருந்தே கேட்கிறீர்கள். அந்த வருடம் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது.

அது உடைத்துக்கொண்டு போவதில்லை அப்பா. கலமே அதை உள்ளே எடுக்கிறது. கலம் சத்து எடுக்கும்போது அதன் மென்சவ்வு ஓரிடத்தில் உள்நோக்கிக் குழியும். கிளாத்திரின் என்ற மூன்று கால் புரதங்கள் பின்னிக்கொண்டு அந்தக் குழியைத் தாங்கும். டைனமின் என்ற இன்னொரு புரதம் கழுத்தை நெரித்துத் துண்டிக்க, குழி குட்டிப் பையாகி உள்ளே போய்விடும். எல்லாம் ஒரு நிமிடம் போலத்தான். கொழுந்து லொறி வந்தால் ஸ்டோர் வாட்சர் கேட்டைத் திறப்பார், ஒவ்வொரு சாக்கையும் அவிழ்த்தா பார்க்கிறார்? வைரஸ் அந்தச் சாக்குக்குள் ஒளிந்து வருகிற ஆள்.

இந்தக் குழிகளை 1964இல் ரோத், போர்ட்டர் என்ற விஞ்ஞானிகள் எதில் பார்த்து எழுதினார்கள் தெரியுமா? டெங்குவைப் பரப்பும் அதே ஈடிஸ் நுளம்பின் முட்டைக் கலத்தில்! வைரஸும் இதே வழியாக வருவதை 1980இல் காட்டியவர்கள் அரி ஹெலேனியஸ், கை சைமன்ஸ் குழுவினர். அதுவும் நான் இருக்கும் இதே ஊரில். சிக்குன்குன்யாவின் சொந்தக்கார வைரஸ் ஒன்றை வைத்துச் செய்தார்கள்.

பைக்குள் போனாலும் வேலை முடியவில்லை. சுற்றிலும் இன்னும் சவ்வு இருக்கிறது. பை உள்ளே போகப் போக, கலம் அதில் அமிலத்தை ஏற்றும். வந்ததைச் செரிக்கத்தான். அந்தப் புளிப்புப் பட்டதும் வைரஸின் மேற்புரதம் உருமாறி, வைரஸின் உறையைப் பையின் சவ்வோடு ஒட்டவைக்கும். உள்ளிருக்கும் மரபுப் பொருள் கலத்துக்குள் இறங்கிவிடும். செரிக்கப் போட்ட அமிலமே கதவைத் திறந்துவிடுகிறது! எனக்கு இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல்தான் வரும். டெங்குவும் இன்புளுவென்சாவும் இப்படித்தான். ஆய்வுகூடத்தில் நாங்கள் அமோனியம் குளோரைட் சேர்த்துப் புளிப்பைக் குறைத்தால், நிறமேற்றிய வைரஸ்கள் பைக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பது நுணுக்குக்காட்டியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைப் பார்ப்பதுதான் என் வேலை.

அப்படியானால் புளிப்பைக் குறைக்கும் மருந்து போதுமே என்பீர்கள். கொரோனா வந்த புதிதில் மலேரியா மாத்திரை குளோரோகுயினைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்களே, அந்தக் கதைதான். குரங்கின் சிறுநீரகக் கலங்களில் அது வைரஸைத் தடுத்தது. 2020இல் மனித நுரையீரல் கலங்களில் போட்டுப் பார்த்தால் தடுக்கவில்லை. அந்தக் கலங்களின் மேற்பரப்பிலேயே ஒரு நொதி வைரஸின் முட்புரதத்தை வெட்டிக் கொடுக்கிறது. வைரஸ் பையையோ அமிலத்தையோ எதிர்பார்க்காமல் வெளிச்சவ்வோடேயே ஒட்டிக்கொள்கிறது. ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழி. எந்தக் கலத்தில் சோதித்தோம் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்று இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அம்மா பயப்பட வேண்டாம். கையுறை போட்டு, காற்றை வடிகட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் எல்லாம் செய்கிறோம். அப்புறம், தங்கச்சி ஏ.எல். உயிரியலுக்குப் படிக்கிறாள்தானே, இந்தக் கடிதத்தை அவளிடமும் கொடுங்கள்.

கூரைத் தகரத்துக்குக் காசு 10ஆம் திகதிக்குப் பிறகு போடுகிறேன். பீலிக்குப் பக்கத்தில் கிடக்கிற பழைய டயரில் தண்ணீர் தேங்கும், தம்பியிடம் சொல்லி இந்தக் கிழமையே அப்புறப்படுத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்