அக்காவும் கடையும்

ஐயா,
எங்கள் செங்கோட்டையில் மலையாளத்துக்கு வகுப்பு வேண்டாம். கேரள எல்லையில் உள்ள புளியரை தாண்டி நாலு தடவை போய்வந்தால் தானாக நாக்கில் ஒட்டிக்கொள்ளும். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்களம்தான் எட்டவில்லை. இத்தனைக்கும் அக்கா அங்கேயும் 'அக்கா', கடை 'கடே'.

வரலாறு படிக்கும் என் பேத்தி, சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய இலங்கையின் 1956-ன் 'சிங்களம் மட்டும்' சட்டம் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தாள். சிங்களத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆங்கிலப் புத்தகமே கதி. அதே 1956-ல்தான் எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மொழிச் சண்டையின் சூடு எங்களுக்கும் தெரியும். ஆனால் எதிர்த்தரப்பு தன் மொழியில் என்ன பேசியது என்று பார்க்காமல் என்ன ஆராய்ச்சி?

தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஏதாவது ஒன்று சிங்களச் சான்றிதழ் வகுப்பு தொடங்கட்டும். முதல் பெஞ்சில் நானே உட்காருகிறேன்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கோட்டை