சிவப்புக் கல்

அன்பு மகனே,

நெவ்ரோஸ் புத்தாண்டுக்கு வருகிறேன் என்றாய். அதற்குப் பிறகு மூன்று வாரமாகப் போனை எடுக்கவில்லை. வேலை இருக்கும். இங்கே ஈராக் குர்திஸ்தானில், கலாதிசேயில் எல்லோரும் நலம். கந்தீல் மலை உச்சியில் இன்னும் பனி கிடக்கிறது.

பேரனைக் கூட்டிப்போய் மேலே அக்ரூட் தோட்டத்தைக் காட்டுவேன் என்றாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். 2025 ஜூலை 11 அன்று சுலைமானியா பக்கம் துருக்கியோடு சண்டை போட்ட பி.கே.கே. குர்துப் போராளிகள் 30 பேர் துப்பாக்கிகளைத் தீயில் போட்டார்கள். சண்டை முடிந்தது என்கிறாய். 1980 முதல் 88 வரை ஈரானோடு நடந்த போரில் புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றனவே.

பனி உருகும்போதுதான் ஆபத்து. வி.எஸ்.50 கண்ணி உள்ளங்கை அகலம்தான். பிளாஸ்டிக், 200 கிராம்கூட இருக்காது. உருகும் நீர் அதைப் பெயர்த்துக் கீழே தள்ளிவிடும், போன வருஷம் நடந்த பாதையை நம்ப முடியாது. இரும்பு கொஞ்சம்தான், அதனால் கண்ணி தேடும் கருவியும் சரியாகக் கூவாது. வல்மாரா என்கிற கண்ணிக்குத் தலையில் ஐந்து முள், புல்லுக்குள் கம்பி. கால் இடறினால் முழங்கால் உயரம் எழும்பி வெடிக்கும். 25 மீட்டருக்குள் நிற்பவன் தப்பமாட்டான். மலையில் முளைக்கும் ரேவாஸ் தண்டு பறிக்கப் போகிறவர்கள் காலை இழப்பது இந்த மாதங்களில்தான். இதெல்லாம் உனக்குத் தெரியும். ஹாம்பர்க்கில் வளர்கிற பிள்ளை புல்லைக் கண்டால் ஓடும்.

கல்லில் சிவப்புப் பூசிய பக்கம் கண்ணி, வெள்ளைப் பக்கம் சுத்தம். எதையாவது பார்த்தால் நின்றுவிடு, திரும்பி ஓடாதே. வந்த காலடியிலேயே பின்வாங்கு. காலடி தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று கத்து. பிள்ளையைத் தோளிலிருந்து இறக்காதே. வேண்டாம், கூட்டிப் போகவே வேண்டாம்.

நீ சொந்தக் கடை வைத்ததைச் சாய்க்கடையில் சொல்லாத நாளில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்தே நீ ஒரு பேச்சைக் கேட்டதில்லை.

ஊற்றுக்கு இடப்பக்கச் சுவருக்கு இவ்வளவு கல் ஏது என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றினேன். அதில் பதினொரு கல் தோட்டத்துச் சரிவில் கண்ணி அடையாளத்துக்கு வைத்திருந்தவை. சுவர் சரிந்து ஆடு புகுந்துகொண்டிருந்தது, கைக்கு எட்டியதை எடுத்தேன். சிவப்பு வெளியே தெரியாமல் திருப்பி அடுக்கினேன். எந்தக் கல் எங்கே இருந்தது என்று இப்போது எனக்கே நினைவில்லை. உன் சித்தப்பா காலை இழந்த பிறகும் இதைச் செய்தேன். உன் அம்மாவுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கண்ணி அகற்றுகிறவர்களிடம் போய்ச் சொல்லப்போகிறேன். அவர்கள் வந்து பார்க்கும்வரை ஊற்றைத் தாண்டாதே. போனை எடு.

அப்பா