மேலே பெய்யும் மழைக்கும் நாம் விழித்திருக்க வேண்டும்: ஆற்றங்கரை ஊராட்சிகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் ஒரு திறந்த மடல்

பாலாறு, பொன்னையாறு, கௌண்டன்ய மகாநதி ஆகிய ஆறுகளின் கரையிலுள்ள ஊராட்சித் தலைவர்களே, வார்டு உறுப்பினர்களே, இளைஞர் மன்றத்துத் தம்பி தங்கைகளே, வணக்கம்.

வரும் அக்டோபர் 2 கிராம சபையில் உங்கள் ஊர் ஒரு முடிவு எடுக்கவேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறோம். வெள்ள எச்சரிக்கை வந்த அரை மணிக்குள் கடைசித் தெருவின் கடைசி வீட்டுக்கும் அது போய்ச் சேரவேண்டும். அதற்கு யார் எந்த வேலையைச் செய்வது என்று பேர் போட்டு எழுதி வைக்கவேண்டும். அவ்வளவுதான் முடிவு. எச்சரிக்கை இப்போது ஆட்சியர் அலுவலகம் வரை, கைப்பேசி வரை வந்துவிடுகிறது. அறுந்து போவது அதற்குப் பிறகுதான்.

நம் ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடப்பவை. அதனாலேயே ஏமாற்றுகின்றன. பாலாறு நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கர்நாடகமும் ஆந்திரமும் கடந்து, வாணியம்பாடிப் பக்கம் நம்மிடம் வருகிறது. சித்தூர் மாவட்டத்துக் கலவகுண்டா அணையைத் திறந்தால் பொன்னையாறு பெருகும். மோர்தானா அணை வழிந்தால் குடியாத்தத்துக்கு நடுவே தண்ணீர் ஓடும். ஆக, வேலூரில் வெயில் காயும் நாளிலும் வெள்ளம் வரலாம். வானிலை மையம் சொல்லும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் அந்தந்த மாவட்டத்தில் பெய்யப்போகும் மழையைக் குறிப்பவை. ஆற்றில் வரப்போகும் நீரை அல்ல. 'வேலூருக்கு மஞ்சள்தானே' என்று இருந்துவிடாமல் சித்தூர், கோலார் மாவட்டங்களுக்கு என்ன நிறம் என்றும் பாருங்கள். வானிலைத் துறையின் இணையதளத்தில் எல்லா மாவட்டங்களுக்கும் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. முதல் கனமழை, 11.56 செ.மீ. முதல் மிக கனமழை, 20.45 செ.மீ. முதல் அதி கனமழை. காலை 8.30 தொடங்கி மறுநாள் காலை 8.30 வரை அந்தக் கணக்கு.

1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சிதைத்த பாலாறு, அதற்கு நிகரான பெருக்கை மறுபடி காட்டியது 2021 நவம்பரில். இடையில் 118 ஆண்டுகள். கரையில் வீடு கட்டிய மூன்று தலைமுறைக்கு ஆறு எதுவரை ஏறும் என்றே தெரியாமல் போயிற்று. ஞாபகம் இல்லாத இடத்தில் அளவுதான் காப்பாற்றும்.

முதல் வேலையாக, உங்கள் ஊர்ப் பாலத்தின் தூணில் நீர்மட்டக் குறி போடுங்கள். நெடுஞ்சாலைத் துறையிடமோ நீர்வளத் துறையிடமோ அனுமதி கேட்டு, எனாமல் பெயின்டில் 25 செ.மீ.க்கு ஒரு பட்டை, வெள்ளையும் சிவப்பும் மாற்றி மாற்றி. ஆற்றுத் தரையிலிருந்து மேல்நோக்கி அளக்காதீர்கள். ஒரே வெள்ளத்தில் மணல் அரித்துத் தரை இறங்கிவிடும், குறி பொய்யாகிவிடும். தூணின் மேல் விளிம்பிலிருந்து கீழே அளந்து வாருங்கள். எண்கள் ஒரு சாண் உயரமாவது இருந்தால்தான் இரவில் டார்ச் அடித்துக் கரையிலிருந்தே படிக்கமுடியும். மழை நாளில் இருவர் சேர்ந்து அரை மணிக்கு ஒரு முறை பார்த்து, மணியோடு நோட்டில் எழுதவேண்டும். எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதே முக்கியம். அரை மணியில் ஒரு பட்டை மூழ்கினால் தாழ்வான தெருக்களை எழுப்பிவிடுங்கள் என்பது எங்கள் பரிந்துரை.

இதையே மேலே உள்ள ஊரோடும் பேசி வையுங்கள். அவர்கள் பாலத்தில் நீர் ஏறிய நேரம், உங்கள் பாலத்தில் ஏறிய நேரம் இரண்டையும் இரண்டு மூன்று மழைக்காலம் குறித்து வந்தால், உங்களுக்கு எத்தனை மணி நேரம் கையில் இருக்கும் என்பது தெரியவரும். இந்தக் கணக்கு வேறு எங்கும் கிடைக்காது, நீங்கள்தான் உண்டாக்கவேண்டும்.

அடுத்தது சேதி சொல்லும் வழி. தண்டோரா போடும் வழக்கத்தை 2022இல் அரசு நிறுத்தியது சரியான முடிவு. ஒருவரைத் தெருத்தெருவாகப் பறையடிக்க ஏவிய இழிவு அதோடு போகட்டும். ஆனால் பல ஊர்களில் அந்த இடம் வெறுமையாகவே நிற்கிறது. கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. அவை எல்லாம் கரண்டில் ஓடுபவை, கரண்ட்டோ முதல் காற்றிலேயே போய்விடும். 12 வோல்ட்டில் இயங்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும், மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றிவைத்த பேட்டரியும் வேண்டும். வார்டுக்கு ஒரு கை மெகாஃபோன் வாங்குங்கள். செல்களைக் கழற்றித் தனியாக வையுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து முனையை அரித்துவிடும். பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் உருதுவிலும், ஆந்திர எல்லை ஊர்களில் தெலுங்கிலும் சொல்ல ஆள் வேண்டும். வேலூர் மாநகரில் சி.எம்.சி. மருத்துவமனைக்காக வந்து லாட்ஜுகளில் தங்கியிருக்கும் வங்காளிகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களில் பலர் நோயாளிகள், ஊர் தெரியாதவர்கள். இந்தியிலும் வங்காளத்திலும் நான்கு வரி எழுதி லாட்ஜ் மேலாளர்களிடம் இப்போதே கொடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் இரண்டு குழு தேவை. ஒன்றில் பொறுப்பாளர்கள் மட்டும் பதிவிடலாம், மற்றதில் எல்லாரும் தகவல் தரலாம். ஒன்றையே வைத்தால் வணக்கப் படங்களுக்கு நடுவே எச்சரிக்கை புதைந்துபோகும். 2021 வெள்ளக் காணொளிகள் ஒவ்வொரு மழைக்கும் புதிதுபோல் சுற்றுகின்றன. அதைப் பார்த்து மக்கள் தவறான பக்கம் ஓடுவதும் உண்டு. ஆகவே எந்தச் செய்தியிலும் ஐந்து விவரம் இருக்கட்டும்: என்ன, எங்கே, எத்தனை மணிக்கு, பார்த்தவர் யார், அடுத்த தகவல் எப்போது. 'தரைப்பாலம் மூடியாச்சு. கீழத்தெரு முனை. மாலை 5.40. பார்த்தவர் கிராம உதவியாளர். அடுத்த தகவல் 6.40க்கு.' கடைசி விவரம்தான் பதற்றத்தைத் தணிக்கும். ஆடியோவாக அனுப்பாதீர்கள், எப்போது பேசியது என்று தெரியாமலே பரவும். தமிழக அரசின் பேரிடர் எச்சரிக்கைச் செயலியான டிஎன்-அலர்ட்டைப் பொறுப்பாளர்கள் எல்லாரும் வைத்திருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. இந்த எண்களைச் சுவரில் எழுதுங்கள், கைப்பேசி செத்த பிறகும் படிக்கலாம்.

முப்பது வீட்டுக்கு இரண்டு பேர் என்று பிரியுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். படுக்கையில் இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, இன்சுலின் போடுபவர், டயாலிசிஸ் போகும் நாள் ஆகியவை காகித நோட்டில் இருக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் போடக்கூடாது, அது பிறர் வீட்டு அந்தரங்கம். கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி ஊழியர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர் மூவரோடும் உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடியும். இன்சுலின் வைக்க ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலயம் ஒன்று, கரண்ட் இல்லாத நாளில் குளிர்ச்சிக்கு உதவும்.

இனிச் சுவர்கள். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 2021 நவம்பர் 19 அதிகாலை பேர்ணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். ஆற்றை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கையில் கொல்வது சுவர். மண்சுவரும், மண்சாந்து வைத்துக் கட்டிய பழைய செங்கல் சுவரும் நீரைக் குடித்துக் கனக்கும். அடிப்பகுதி குழைந்து பிடிப்பை இழக்கும். மழை விட்ட பிறகும் ஆபத்து தீராது, இரண்டு மூன்று நாள் இருக்கும். வெயில் கண்டதும் வீட்டுக்குத் திரும்புபவர்களைத் தடுக்கவேண்டியது தன்னார்வலரின் கடினமான வேலை. அடையாளங்கள்: சுவரடியில் முழங்கால் உயரத்துக்கு ஈரக் கோடு, புதிதாக மூலைவாட்டில் ஓடும் விரிசல், வயிறு தள்ளிய சுவர், நேற்றுவரை சுலபமாகச் சாத்திய கதவு இன்று இடிப்பது. ஒன்று தென்பட்டாலும் அன்றிரவு அங்கே யாரும் படுக்கக்கூடாது. சொந்த வீடு நல்ல வீடாக இருந்தாலும் அடுத்த வீட்டுச் சுவர் எந்தப் பக்கம் சாயும் என்று பாருங்கள்.

தண்ணீரில் இறங்கி மீட்பது உங்கள் வேலை அல்ல. ஓடும் நீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளும், இரண்டு அடியில் கார் போய்விடும். மணல் அள்ளிய குழிகள் வேறு அடியில் ஒளிந்திருக்கும். கரையில் நின்றே எறிய, மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு 20 மீட்டர், அதன் நுனியில் கால்பங்கு நீர் ஊற்றி இறுக மூடிய 5 லிட்டர் எண்ணெய் கேன். எறிய எடை இருக்கும், மிதக்கவும் செய்யும். கயிற்றை இடுப்பில் கட்டாதீர்கள். இழுபட்டால் இருவரும் போவீர்கள். பெரிய மீட்புக்குத் தீயணைப்புத் துறையும், அரக்கோணத்தில் நிலைகொண்டுள்ள தேசிய பேரிடர் மீட்புப் படையும் இருக்கின்றன. தரைப்பாலத்தை மூடுவதென்றால் இரு பக்கமும் ஆள் நிற்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் நின்றால் எதிர்க்கரையிலிருந்து பைக் இறங்கிவிடும்.

மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் வீட்டுக்குள் மின்சாரம் விட்டுக்கொண்டிருக்கும். தண்ணீர் நுழையுமுன் அதையும் அணைத்துவிட்டீர்களா என்று வாசலில் கேளுங்கள்.

வடிந்த பிறகு குடிநீர். 0.5 கிராம் குளோரின் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்கு. போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கலங்கிய நீரில் மாத்திரை வேலை செய்யாது, முதலில் தெளியவைத்து வெள்ளைத்துணியில் வடிகட்டுங்கள். போன ஆண்டு பிரித்த பிளீச்சிங் பவுடர் மூட்டை வீரியம் இழந்திருக்கும், நம்பாதீர்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சோற்றுப் பொட்டலம் எப்படியும் வந்து குவியும். சாம்பார் சாதத்தைவிடப் புளிச்சாதம் தாங்கும். குறைவது நாப்கின், குழந்தைப் பால்மாவு, உலர்ந்த போர்வை.

கிராம சபையில் தீர்மானம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வையுங்கள். மெயினை அணைத்துவிட்டு, பாலத்திலிருந்து ஒரு சேதியை அனுப்பி, கடைசி வீட்டுக்கதவு தட்டப்படும்வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். எந்த வீடு விடுபட்டதோ அந்த வீட்டின் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கரையோரத் தன்னார்வலர்கள் சிலர்,
வேலூர்.