உங்கள் பைக்கின் டயர் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் ஒருவர் கடைக்கு வந்தார். வண்டி திருப்பத்தில் சரியாகச் சாய மாட்டேன் என்கிறது, ஹேண்டிலைப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது, கோன் செட் (ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்) போய்விட்டது போலிருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்றார். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தோம். கோன் செட்டில் ஒரு குறையும் இல்லை. பின்னால் போய்க் குனிந்து பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. பின் டயரின் நடுப்பகுதி பலகை மாதிரித் தட்டையாகத் தேய்ந்திருந்தது. இரண்டு ஓரங்களிலும் வரப்பு கட்டியதுபோல் ரப்பர் நின்றது.

டயரை மாற்றிக்கொடுத்தோம். மறுநாள் அவரே வந்து, "புது வண்டி மாதிரி இருக்குங்க. இத்தனை நாளா அதையா ஓட்டிக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது. டயர் ஒரே நாளில் தேய்வதில்லை. நாளுக்கு நாள், தலைமுடி கனம்கூட இல்லாத அளவு குறைகிறது. ஓட்டுகிறவரின் கையும் உடம்பும் அதற்கு ஏற்ப மெல்லப் பழகிக்கொள்கின்றன. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. அதனால் "ஓட்டுவதற்கு நன்றாகத்தானே இருக்கிறது" என்பதை நம்பி டயரின் நிலையை முடிவு செய்ய முடியாது. கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தடவ வேண்டும்.

காற்றுப் பிடிக்கிற நாளில் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் ஸ்டாண்டு போடுங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஒரு முழுச் சுற்றையும் பாருங்கள். நாம் நிற்கும் இடத்திலிருந்து தெரிகிற பகுதியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைவதுதான் பலரும் செய்கிற தவறு. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதியில் ஆணி ஏறியிருந்தால் அது கண்ணில் படாது.

டயரின் பக்கச் சுவரில், ஓரத்தை ஒட்டி, ஒரு சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ அச்சாகியிருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால், அடியில் ஒரு சின்ன மேடு குறுக்கே நிற்கும். தேய்மானத்தைக் காட்டுவதற்கென்றே கம்பெனி வைத்த அடையாளம் அது. சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது என்று பொருள். சட்டம் கேட்கிற குறைந்தபட்சப் பள்ளம் நாட்டுக்கு நாடு மாறும். 0.8 மில்லிமீட்டர் போதும் என்கிற இடமும் உண்டு, 1.6 வேண்டும் என்கிற இடமும் உண்டு. ஆனால் அந்தக் கடைசி எல்லை வரை ஓட்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மழைக்காலம் வருவதற்கு முன் பள்ளம் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வோம்.

காரணம் தண்ணீர். ஈரமான சாலையில் ஓடும்போது டயருக்கும் சாலைக்கும் நடுவே அகப்படும் தண்ணீர் நொடிக்குள் வெளியேற வேண்டும். அது போவதற்கு இருக்கிற முக்கிய வழி பள்ளங்கள்தான். பள்ளம் ஆழமில்லை என்றால் தண்ணீர் போக இடமின்றி டயரையே தூக்கிப் பிடிக்கும். அந்த நேரத்தில் பிரேக்கும் பேசாது, ஹேண்டிலும் பேசாது. காய்ந்த சாலையில் மொட்டை டயர்கூட ஓரளவு பிடித்து ஓடும். ஆளை ஏமாற்றுவதே அதுதான். வெயில் காலம் முழுக்க ஒன்றும் தெரியாது. முதல் மழையில் தெரியும்.

ஆழத்தை அளக்கும்போது டயரின் நடுவில் பாருங்கள். "ஓரத்துல எவ்வளவு இருக்கு பாருங்க, இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்று எங்களிடம் காட்டுகிறவர்கள் உண்டு. நேர்சாலையில் ஓடும் வண்டிக்கு ஓரம் தேயவே தேயாது. எடையைச் சுமப்பதும், எஞ்சினின் இழுவை வந்து சேர்வதும் நடுப்பகுதியில்தான். கார் டயர் தட்டையானது, பைக் டயர் உருண்டையானது. வண்டி சாய்ந்து திரும்ப வேண்டும் என்பதற்காகவே அந்த உருண்டை. நடு தட்டையாகிவிட்டால், வண்டி சாயத் தொடங்கும்போது அந்த விளிம்பின் மேல் ஏறி, சட்டென்று அந்தப் பக்கம் விழுவதுபோல் இருக்கும். கோன் செட் மாற்றச் சொன்னவர் பட்ட அவஸ்தை இதுதான்.

தேய்ந்த விதமும் பல விஷயங்களைச் சொல்லும். நடு மட்டும் வேகமாகத் தேய்ந்தால் காற்று தொடர்ந்து அதிகமாக இருந்திருக்கலாம். காற்று குறைவாகவே ஓடிய டயரில் தேய்மானம் ஓரம் நோக்கிப் பரவும்; பக்கச் சுவர் ஓயாமல் மடங்கி, சூடேறி, வெடிப்பு விடத் தொடங்கும். முன் டயரைத் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் மாதிரியும் உறுத்தினால் காற்றையும், முன் ஃபோர்க்கையும், சக்கர பேலன்ஸையும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதேபோலத் தேயும். ஓர் இடத்தில் மட்டும் சப்பையாகத் தேய்ந்திருந்தால், எப்போதோ பின் பிரேக்கை அழுத்தமாக மிதித்துச் சக்கரம் சுற்றாமல் இழுபட்டிருக்கிறது.

இவையெல்லாம் யோசித்து முடிவு செய்யக்கூடியவை. இரண்டு விஷயங்களில் யோசிக்கவே வேண்டாம். பக்கச் சுவரில் கொப்புளம் மாதிரிப் புடைப்பு தெரிந்தால் டயருக்கு உள்ளிருந்து பலம் தரும் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். ரப்பர் போய்க் கேன்வாஸ், அதாவது அந்த நூல் அடுக்கு, தெரிந்தாலும் ஆபத்துதான். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு கடைக்கு வராதீர்கள். சக்கரத்தைக் கழற்றி அனுப்புங்கள், இல்லையென்றால் வண்டியை ஏற்றி அனுப்புங்கள்.

அப்புறம் வயது. அதிகம் ஓடாத வண்டிக்காரர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். சில டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், மறுபக்கமும் தேடிப் பாருங்கள். மேல் ரப்பர் தேயாமல் முழுசாக இருந்தாலும், வருடக்கணக்கில் வெயிலும் காற்றும் பட்ட ரப்பர் இறுகிப் போகும். பக்கச் சுவரிலும் பள்ளத்தின் அடியிலும் மெல்லிய வெடிப்புகள் ஓடும். 5 வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒருமுறையாவது தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். 10 வருடம் ஆகிவிட்டால், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

பங்சர் பற்றியும் ஒரு வார்த்தை. டியூப்லெஸ் டயரில் வெளியிலிருந்து குத்தி ஏற்றும் திரி அவசரத்துக்கு நல்லது. வழியில் நிற்காமல் வீடு சேரலாம். நிரந்தர வேலை என்றால் டயரைக் கழற்றி, உள்பக்கம் பார்த்து, உள்ளிருந்து ஒட்டுவதுதான். நடுப்பகுதியில் விழுந்த சின்னத் துளைக்கு மட்டும்தான் அதைச் செய்கிறோம். பக்கச் சுவர் ஓயாமல் மடங்கும் இடம், அங்கே எந்த ஒட்டும் நிற்காது. அதனால் பக்கச் சுவர் பங்சரை நாங்கள் ஒட்டித் தருவதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. இருந்தாலும் இதில் மனம் மாற மாட்டோம்.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. எந்த டயர் வாங்குவது?

முதலில் வண்டியின் கையேட்டையோ, செயின் கவர் அருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டயரில் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டாம். பழைய வண்டியாக வாங்கியிருந்தால், முன்னால் வைத்திருந்தவர் அளவை மாற்றியிருக்கலாம். 100/90-17 55 பி (P) என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 என்பது அகலம், மில்லிமீட்டரில். 90 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. இங்கே 90 மில்லிமீட்டர். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 55 என்பது சுமைக் குறியீடு, சரியான காற்றழுத்தத்தில் அந்த ஒரு டயர் 218 கிலோ வரை தாங்கும். கடைசி எழுத்து வேகத்துக்கு: 'பி' என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர், 'எஸ்' என்றால் 180, 'எச்' என்றால் 210.

இதில் எல்லோரும் அளவைப் பார்க்கிறார்கள், சுமைக் குறியீட்டை யாரும் பார்ப்பதில்லை. தினமும் பின்னால் ஆளை ஏற்றுகிறவர்களும் மூட்டை கட்டுகிறவர்களும் கவனியுங்கள். பின்னால் ஏறும் எடையில் பெரும்பங்கு பின் டயரின் மேல்தான் விழுகிறது. வண்டிக் கம்பெனி சொன்ன சுமைக் குறியீட்டுக்கும் வேக எழுத்துக்கும் கீழே இறங்கவே கூடாது. மேலே போனால் பிழையில்லை.

அகலமான டயர் கேட்டு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ரிம் அதே அகலம்தானே? குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் இரண்டு பக்கச் சுவரும் உள்ளே இழுபட்டு, நடு கூம்பிப் போகும். நேராக ஓடும்போது சாலையைத் தொடும் பரப்பு நீங்கள் நினைத்த அளவு கூடாது. 100/90-17 இருந்த இடத்தில் 120/80-17 போட்டால், கணக்குப்படி சக்கரத்தின் விட்டம் 12 மில்லிமீட்டர் கூடும். செயினிலோ மட்கார்டிலோ உரசலாம். வண்டி திரும்ப மந்தமாகும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் நின்றுவிடாதபடி காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அது சக்கரத்தின் வேகத்தை அளந்துதான் வேலை செய்கிறது. ஒரு சக்கரத்தின் அளவை மட்டும் நம் இஷ்டத்துக்கு மாற்றுவது நல்லதில்லை. கம்பெனி சொன்ன அளவு, கம்பெனியே அனுமதித்த மாற்று அளவு, இந்த இரண்டைத் தாண்ட வேண்டாம்.

ஸ்போக் சக்கரமா, அலாய் சக்கரமா என்று பாருங்கள். சாதாரண ஸ்போக் ரிம்மில் ஒவ்வொரு ஸ்போக் துளை வழியாகவும் காற்று கசியும், அதனால் டியூப் வேண்டும். அங்கே டயர் மாற்றும்போது டியூபையும், ரிம்முக்குள் சுற்றியிருக்கும் பட்டையையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய டியூப் நீண்டு போயிருக்கும். புது டயருக்குள் மடிந்து, அந்த மடிப்பிலேயே கிழியும். டியூப்லெஸ் சக்கரத்தில் பங்சருக்குப் பயந்து உள்ளே டியூப் போடுவது வேண்டாத வேலை. ஆணி ஏறினால் டியூப்லெஸ் டயரில் காற்று மெதுவாகத்தான் இறங்கும், டியூபிலோ ஒரேயடியாகப் போய்விடும். அந்த நன்மையை நாமே கெடுத்துக்கொள்வானேன்?

அளவில் 17க்கு முன்னால் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் அது ரேடியல், உள்நூல் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராக ஓடும் டயர். கோடு மட்டும் இருந்தால் குறுக்கு நூல் டயர், அதில் உள்நூல் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு ஓடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கலக்காதீர்கள், வண்டியைச் செய்த கம்பெனியே அப்படிக் கொடுத்திருந்தால் தவிர. வண்டி ஒரு நடையில் ஆடும், டயர் இன்னொரு நடையில் ஆடும்.

மற்றபடி, நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதுதான் தேர்வு. தார்ச்சாலையிலேயே ஓடும் வண்டிக்குப் பட்டன் டயர் (தனித்தனி ரப்பர் கட்டைகள் துருத்தி நிற்கும் டயர்) வேண்டாம்; சத்தமும் அதிர்வும் அதிகம், ஈரத்தில் பிடிப்பும் குறைவு. மண்சாலை பாதி, தார் பாதி என்றால் இரண்டுக்கும் பொதுவான வகை இருக்கிறது. மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடினமானது நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் கொஞ்சம் கைவிடும். நடுவில் கடினமும் ஓரங்களில் மென்மையும் வைத்துச் செய்த டயர்களும் வருகின்றன. நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவோம். எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று மட்டும் கேட்டு டயர் வாங்காதீர்கள். மழையில் எப்படி நிற்கும் என்றும் கேளுங்கள்.

தேய்ந்த டயரில் பிளேடால் பள்ளம் கீறிப் புதுசு போல விற்கிறார்கள். தேய்மான மேட்டைத் தேடிப் பாருங்கள். பள்ளத்தின் அடியில் அந்த மேடும் அறுபட்டிருந்தால் வாங்காதீர்கள். மிச்சமிருந்த கொஞ்ச ரப்பரையும் அறுத்து, நூலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், எங்களுக்குச் சந்தோஷம்தான். டயரில் இருக்கும் அம்புக்குறி வண்டி முன்னோக்கி ஓடும்போது சக்கரம் சுற்றும் திசையைக் காட்ட வேண்டும். டியூப்லெஸ் என்றால் வால்வும் புதிதாகப் போட வேண்டும். சக்கரம் கழன்று கையில் இருக்கும்போதே பேரிங்கையும் பிரேக்கையும் பார்த்துவிடலாம். கேளுங்கள், பார்த்துத் தருகிறோம். காற்று வண்டிக் கம்பெனி சொன்ன அளவு. பக்கச் சுவரில் அச்சாகியிருக்கும் அழுத்தம் உச்ச அளவு, அதைப் பிடித்துவிடாதீர்கள். வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது அளந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டுங்கள். ஒரேயடியாகச் சாய்க்காமல், நாளுக்கு நாள் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்துப் பழக்குங்கள். திடீர் பிரேக்கும் திடீர் முறுக்கலும் வேண்டாம். ஒரு வாரம் ஓடியதும் ஒரு காலை நேரத்தில், டயர் சூடாவதற்கு முன், கடைக்கு ஒரு நடை வாருங்கள். காற்றையும் செயினின் தொய்வையும் மறுபடி ஒருமுறை சரிபார்த்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
உங்கள் டயர் கடையிலிருந்து