பல்லேடியம் தூவிய உன் சென்சார் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் வாயு சென்சாரைப் பற்றி நீ அனுப்பிய வரைபடங்களைப் பார்த்தேன். வெறும் டின் ஆக்சைடு ஹைட்ரஜனுக்கு மெல்லத்தான் அசைகிறது. அதன் மேல் பல்லேடியம் உலோகத்தின் நானோதுகள் தூவியதும் மின்தடைக் கோடு சட்டென்று கீழே விழுகிறது. பெருமையாக இருந்ததும்மா. வேலையில் இருந்த காலமெல்லாம் கேஸ் டிடெக்டர்களோடு கிடந்தவன் என்பதால் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

ஹீட்டரால் சூடான ஆக்சைடு நுண்மணிகளின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டி, எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எரியக்கூடிய வாயு வந்து அந்த ஆக்சிஜனைத் தின்றால் எலக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை இறங்கும். பல்லேடியம் காற்றில் ஆக்சைடாகி, அடியிலிருக்கும் டின் ஆக்சைடிடமிருந்து இன்னும் எலக்ட்ரானை இழுக்கிறது. ஹைட்ரஜன் பட்டதும் உலோகமாகி அத்தனையையும் திருப்பிக் கொடுக்கிறது. பிளாட்டினத்தின் வழி வேறு. ஹைட்ரஜன் மூலக்கூறை அணுக்களாகப் பிளந்து ஆக்சைடின் மேல் ஓட விடும்.

நீ படிக்கும் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில்தானே பேராசிரியர் செய்யாமா 1962-இல் துத்தநாக ஆக்சைடு படலத்தில் வாயுவைக் கண்டறிந்து காட்டினார்! கண்டுபிடிப்பாளர் தாகுச்சி டின் ஆக்சைடு சென்சாருக்குக் காப்புரிமை கேட்டதும் அதே வருடம். மணி 6 நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால் உணர்திறன் எகிறும் என்று ஆய்வாளர் யமசோயேயின் குழு 1991-இல் சொன்னதும் அங்கிருந்துதான். அந்த இடத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உணர்திறனின் உச்சப் புள்ளி எவ்வளவு உயரம் என்பதோடு நிறுத்திவிடாதே. உலர்ந்த காற்றில், புதுச் சென்சாரில் எடுத்த அளவு அது. ஈரக்காற்றில் நீராவி மணிகளின் மேல் ஹைட்ராக்சிலாக (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த குழு) உட்கார்ந்து ஆக்சிஜனுக்கு இடம் விடாது. 300 டிகிரிக்கு மேல் மாதக்கணக்கில் வைத்தால் நானோதுகள்கள் நகர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து தடித்துவிடும். அப்புறம் எதற்கு நானோ? பல்லேடியத்தை அள்ளிப் போட்டாலும் வாயு மேலடுக்கிலேயே எரிந்து தீரும், உள்ளே போய்ச் சேராது. கொஞ்சமாக, பரவலாக இருப்பதுதான் நல்லது.

ஆலையில் நான் பார்த்த ஒன்று. டிடெக்டருக்குப் பக்கத்தில் பேனல் கதவு இடுக்கில் யாரோ சிலிக்கோன் பசை அடைத்திருந்தார்கள். டிஸ்பிளேயில் பூஜ்ஜியம், பச்சை விளக்கு, எந்தக் குறையும் தெரியவில்லை. சோதனை வாயுவைக் காட்டினேன். முள் நுனி அளவுகூட ஏறவில்லை. சிலிக்கோன் ஆவி டிடெக்டருக்குள் இருந்த வினையூக்கியின் மேல் சிலிக்காவாகப் படிந்து அதை மூடியிருந்தது. சத்தம் போடும் கருவியைவிட இந்த மௌனம்தான் என்னைப் பயமுறுத்தியது.

சத்தம் போடுவதிலும் ஆபத்து உண்டு. பக்கத்து வீட்டு அத்தை சமையலறையில், தரையை ஒட்டி, கேஸ் அலாரம் மாட்டினார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் அந்த இடம் சரிதான். ஆனால் தாளிப்புப் புகைக்கும் சானிடைசருக்கும் அது கத்தியது. ஒருநாள் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். ஆல்கஹால் ஆவியைத் தடுக்கக் கரி வடிகட்டி வைக்கிறார்கள், தெரியும். ஆனாலும் எந்த வாயுவை விட்டு எதைப் பிடிப்பது என்பதை உன் துகள்களே தீர்மானிக்க முடிந்தால் அந்த அத்தை பிளக்கைப் பிடுங்கமாட்டார்.

அதனால் ஒரு சென்சாரை மட்டும் தனியே எடுத்து, ஹீட்டரை அணைக்காமல் ஓட விடு. வாரம் ஒருமுறை அதே அளவு ஹைட்ரஜனைக் காட்டு. ஈரத்தை மாற்றிப் பார். காற்றுக்குத் திரும்பியதும் பழைய மின்தடைக்கே வருகிறதா என்று தவறாமல் குறித்து வை. பேராசிரியருக்கு இது மெதுவான வேலையாகத் தெரியலாம். கேட்டுப் பார், ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, உங்கள் ஆய்வகத்தில் வாயுக் குழாய் இணைப்புகளுக்கு என்ன கிரீஸ் போடுகிறீர்கள்? சிலிக்கோன் கிரீஸோ சிலிக்கோன் குழாயோ என்றால் அடுத்த அளவீட்டுக்கு முன்பே மாற்றிவிடு.

அன்புடன்,
அப்பா